புதுப்பிப்பு: 03/04/2024 மார்ச்சா, ஏப்ரலா?

முந்தைய இழையின் கேள்வி: பல நாடுகளிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) 03/04/2024 என்றிருந்தால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஒற்றைத் தேதியை வைத்துச் சொல்லவே முடியாது. ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும்.

இப்போது கோப்பைப் படிக்கும் நிரல் அந்தத் தேதி நெடுவரிசையை முழுசாகப் படிக்கிறது. முதல் எண் எங்காவது 12-ஐத் தாண்டினால் நாள் முதலில். இரண்டாவது எண் தாண்டினால் மாதம் முதலில். எதுவுமே தாண்டாவிட்டால் ஊகிக்காது, பயனரிடமே கேட்கும். இரண்டும் தாண்டினால் கோப்பு நிராகரிக்கப்படும்.

எக்செல் வழியாக வந்த கோப்பென்றால் கூடுதல் தலைவலி. அமெரிக்க அமைப்பிலுள்ள எக்செல் 03/04/2024-ஐ மார்ச் 4 ஆக்கிவிடும். 25/04/2024 புரியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். எக்செல் தேதியை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒட்டிக் காட்டும்; நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். அதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், மூலக் கோப்பைக் கேளுங்கள்.

சேமிப்பு எப்போதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவில், ஆண்டு-மாதம்-நாள் என: 2024-04-03. ஆனால் நேரமில்லாத இந்தச் சரத்தை (எழுத்துத் தொடரை) ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள்தான் என்பதால் அங்கே உள்ளவருக்கு ஏப்ரல் 2 என்று காட்டும். பிறந்தநாள் போன்றவற்றுக்கு நேர மண்டலமே வேண்டாம்; ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகவே வைத்திருங்கள்.