கலைச்சொல் வேண்டும்: பேசிஸ் செட்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை எங்கள் துறையில் முதுகலை முதலாண்டு மாணவர்களுக்குக் குவாண்டம் வேதியியல் கணக்கீட்டில் ஒரு நாள் பயிற்சி. மென்பொருள் சை4, இலவசம், திறந்த மூலம், எங்கள் ஆய்வகக் கணினியிலேயே ஓடும். கையேட்டைத் தமிழில் எழுதிவிட்டேன். வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

வேதியியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூலக்கூறின் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் பரவியிருக்கும் விதத்தைக் காட்டும் அலைச்சார்பு) எப்படி இருக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் வடிவம் தெரிந்த சில சார்புகளை எடுத்து, இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு என்று கூட்டி அதைக் கட்டுகிறோம். அளவுகளைக் கணினி தேடும். எந்தச் சார்புகள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்புதான் பேசிஸ் செட். நீர் மூலக்கூறுக்கு எஸ்டிஓ-3ஜி என்ற சிறிய பேசிஸ் செட்டை எடுத்தால் 7 சார்புகள், ஹார்ட்ரீ-ஃபாக் என்ற கணக்கீட்டு முறை தரும் ஆற்றல் ஏறக்குறைய −74.96 ஹார்ட்ரீ. சிசி-பிவிடிஇசட் என்ற பெரிய செட்டை எடுத்தால் 24 சார்புகள், −76.03. ஹார்ட்ரீ ஆற்றலின் அலகு; ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு 627.5 கிலோகலோரி என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தேர்வின் கனம் புரியும்.

போன ஆண்டு ‘அடிப்படைக் கணம்’ என்று எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “மிஸ், இது அடிப்படைன்னா அட்வான்ஸ்டு கணம் எப்போ வரும்?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. வேறு சொல் தாருங்கள்.

— வேதியியல் ஆசிரியை, திருநெல்வேலி

*

அம்மா, வணக்கம். நேரியல் இயற்கணிதத்தில் இதற்கு ‘அடுக்களம்’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். கணிதத்தில் இருக்கும் சொல்லையே வேதியியலும் எடுத்துக்கொள்ளலாமே? துறைக்கு ஒரு சொல் என்று போனால் மாணவர்கள்தான் திண்டாடுவார்கள்.

— கணிதம், கோவை

*

அடுக்களம் என்று கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதை எப்படிப் பிரிப்பது? அடு + களம் என்றால் வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. அடுகளம் என்றுதான் வரும். அடுகளமோ போர்க்களம். அடுக்கு + அளம் என்றால், அளம் என்பது உப்பளத்தில் உள்ள அளம். அடுக்கு + களம் என்றால் அடுக்குக்களம் என்றாக வேண்டும். ‘அடு’ என்பதற்குச் சமைத்தல் என்று பொருள். அடுப்பு, அட்டில், அடிசில் எல்லாம் அந்த வேரில் பிறந்தவை. அடுக்களையில் ஒற்று எப்படி வந்தது என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என் பரிந்துரை: ‘அசை’. நேர், நிரை என்ற இரண்டே அசைகளைக் கொண்டு சீர் அமைகிறது, சீரால் அடி, அடியால் பா. குறைந்த உறுப்புகளைக் கொண்டு பெரியதைக் கட்டும் கலையை நம் யாப்பு நூலார் அன்றே வகுத்துவிட்டார்கள். ‘அசைத்தொகுதி’ என்று வையுங்கள். அலைச்சார்பைக் கட்டுவது அசைச்சார்பு. ஓசையும் பொருந்துகிறது.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

ஐயா, அசை அழகான சொல். ஆனால் ஒரு இடறல். அசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எங்கள் சார்புகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடையோடு. முக்கால் அசை, கால் அசை என்று யாப்பில் இல்லையே.

எஸ்டிஓ-3ஜியையே பாருங்கள். எஸ்டிஓ என்றால் ஸ்லேட்டர் வகை ஆர்பிட்டால். ஸ்லேட்டர் சார்பு அணுக்கருவின் இடத்தில் கூர்முனையாக நிற்கும். ஆர்பிட்டாலின் உண்மை வடிவத்துக்கு நெருக்கமானது. ஆனால் அதை வைத்துப் பல அணுக்களுக்குத் தொகையிடுவது பெரும்பாடு. 1950இல் பாய்ஸ் என்பவர், மணி வடிவமான காஸ் சார்புகளைப் பரிந்துரைத்தார். இரண்டு அணுக்களில் உள்ள இரண்டு காஸ் சார்புகளைப் பெருக்கினால், இடையில் ஒரு புள்ளியை மையமாகக் கொண்ட இன்னொரு காஸ் சார்பு கிடைக்கும். கணக்கு சட்டென்று எளிதாகிறது. குறை என்னவென்றால் அது அணுக்கருவில் மொட்டையாக இருக்கும். அதனால் மூன்று காஸ் சார்புகளைச் சேர்த்து ஒரு ஸ்லேட்டரைப் போலப் பண்ணுகிறோம். பெயரில் உள்ள 3 அதுதான். ஒற்றை ஹைட்ரஜன் அணுவுக்கு உண்மை ஆற்றல் −0.5 ஹார்ட்ரீ, எஸ்டிஓ-3ஜி தருவது −0.4666. இதை மாணவர்கள் தாங்களே ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் பயிற்சி. சொல் அந்தக் கூட்டலைக் காட்ட வேண்டும்.

— வேதியியல் ஆசிரியை

*

வணக்கம் அக்கா. எங்கட பாடநூல்களில் செட் என்பது தொடை, வெக்டர் என்பது காவி. அந்த வழியில் ‘அடித்தொடை’ என்று சொல்லலாம். தொடுத்தல் என்றால் பூத்தொடுப்பது போலச் சேர்ப்பது. நீங்கள் கேட்கும் பொருள் அதிலேயே இருக்கிறது. கணம் என்றால் நொடி என்றும் படலாம், அந்தக் குழப்பமும் இல்லை.

— யாழ்ப்பாணம்

*

பொருள் பொருத்தம்தான் தம்பி. ஆனால் இங்கே பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தொடை என்றால் கால்தான். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த பத்து நிமிடம் பாடம் நடத்த முடியாது. யாப்பு படித்தவர்களுக்கோ அடியும் தொடையும் இரண்டு தனி உறுப்புகள்.

— கணிதம், கோவை

*

எல்லோரும் ஒன்றை மறக்கிறோம். உள்ளீட்டுக் கோப்பில் மாணவர் ஆங்கில எழுத்தில் ‘பேசிஸ்’ என்றுதான் தட்டுகிறார். பிழைச்செய்தி வந்தாலும் அந்தச் சொல்லோடுதான் வரும். தமிழ்ச்சொல் ஒன்று, திரையில் ஒன்று என்றால் தேடக்கூடத் தெரியாது. பேசிஸ் செட் என்றே எழுதுங்கள். வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ (நீக்கி) வரலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். ஆர்பிட்டாலை அப்படியே வைத்துக்கொண்டு பேசிஸை மட்டும் துரத்துவது என்ன நியாயம்?

— மென்பொருள், சென்னை

*

தம்பி, அந்த நூற்பா கதவைத் திறந்ததை மட்டும் சொல்கிறீர்கள். எழுத்தைக் களைந்து தமிழ் ஒலிக்குள் வா என்று அது கட்டளையும் இடுகிறது. அப்படியானால் ‘பேசிசு’ என்று எழுதத் தயாரா?

— தமிழாசிரியர்

*

தயார் ஐயா. ஆனால் அதைக் கேட்டு ஒரு மாணவருக்கு என்ன விளங்கும்?

— மென்பொருள்

*

அதைத்தானே நானும் கேட்கிறேன்!

— தமிழாசிரியர்

*

காசியன் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஸ் சார்பின் ஆங்கிலப் பெயரும் அதுதான், வேதியியலாளர் போப்பிளின் குழு 1970இல் வெளியிட்ட மென்பொருளின் பெயரும் அதுதான். “காசியன் போட்டேன்” என்றால் எதைப் போட்டார்? சார்புக்குக் ‘காஸ் சார்பு’ என்றே கடைசிவரை எழுதினால் நல்லது.

— ஆய்வு மாணவர், பெங்களூரு

*

காஸ் சார்பு என்றே வைத்துவிட்டேன், நன்றி. இன்று புதன், இனி நாள் இல்லை. எல்லாவற்றையும் படித்தபின் ‘அடிச்சார்புத் தொகுதி’ என்று முடிவு செய்கிறேன். ஒவ்வொன்றும் அடிச்சார்பு; சேர்ந்தால் தொகுதி. அடிப்படை என்ற சொல் இல்லாததால் ‘தொடக்க நிலை’ என்ற மயக்கம் வராது. முதல் முறை வரும் இடத்தில் பேசிஸ் செட் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன், திரையில் பார்க்கும்போது அடையாளம் தெரிய வேண்டுமே. மறுப்பு இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.

— வேதியியல் ஆசிரியை

*

சரி. அடுக்களத்தை விட மனமில்லை, ஆனாலும் ஒப்புகிறேன்.

— கணிதம், கோவை

*

எனக்கும் சம்மதம், பேசிஸ் செட் பக்கத்தில் இருக்கும்வரை.

— மென்பொருள், சென்னை

*

கையேட்டுக்கு இது போதும் அக்கா. நாங்கள் இங்கே வகுப்பில் அடித்தொடை என்றே சொல்லுவம்.

— யாழ்ப்பாணம்

*

அடி என்பதை வெண்பாவின் அடி என்று ஒரு மாணவர் படித்தால் என் பேச்சு நினைவுக்கு வரட்டும். அசைக்கு இன்னும் வாதாட இருக்கிறது. அச்சு முடிந்தபின் எழுதுகிறேன். கையேட்டில் ஒரு படி எனக்கும் அனுப்புங்கள் அம்மா, அந்த ஹைட்ரஜன் கணக்கைப் பேரனை வைத்துக்கொண்டு நானும் ஓட்டிப் பார்க்கிறேன்.

— தமிழாசிரியர், தஞ்சாவூர்