கிராம சபையில நர்ஸ் எந்திரிச்சு பேசலாமா? ஆஸ்பத்திரியில "அரசியல் வேண்டாம்"ங்கிறாங்க

பள்ளத்தூர்_சிஸ்டர்:
வணக்கம். காரைக்குடியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆறு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ், வீடு பள்ளத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஊர்ல துணை சுகாதார நிலையம் இருக்கு, ஆனா அந்த நர்ஸம்மாவுக்கு நாலு ஊரு பொறுப்பு, வாரத்துல ரெண்டு நாள்தான் கதவு திறக்குது. போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தெருப் பொண்ணு, எட்டு மாசம், குட்டியானை வண்டியில பாய் விரிச்சுப் படுக்க வச்சு கொண்டு வந்தாங்க, நான்தான் டூட்டி. பிபி 160-110, கால் வீங்கி கொலுசை வெட்டித்தான் எடுத்தோம். ரெண்டு உசுரும் தப்பிச்சது. ஒன்றரை மாசமா யாருமே பிபி பாக்கலையாம், எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது. ஆகஸ்ட் 15 கிராம சபையில கேக்கலாம்னு இருக்கேன். இது ஆஸ்பத்திரியில தெரிஞ்சு "நமக்கெதுக்கு அரசியல், வேலையைப் பாரு"ன்னுட்டாங்க. வீட்டுக்காரரும் பயப்படுறாரு. என்ன செய்யலாம்?

தேவகோட்டை_அக்கா:
தங்கச்சி, நான் 31 வருஷம் அரசு நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. எங்களுக்கு 1973 நடத்தை விதி இருந்துச்சு, கட்சியில சேரக் கூடாது, ஓட்டு கேக்கக் கூடாது. நீ தனியார், அந்த விதி உனக்கு இல்லை. அதுவும் போக வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர்தான், அங்க நீ நர்ஸா போகல, ஊர்க்காரியா போற.

ஆனா வெறுங்கையோட போகாத. மே 12 நர்ஸ் தினம்னா நைட்டிங்கேல் அம்மாவுக்கு விளக்கு ஏத்துறோமே, அவங்க இந்தியாவுக்கு வராமலே இங்க இருந்த பட்டாள முகாமுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பிரிட்டிஷ் சிப்பாய் சாகுறான்னு 1863-ல கணக்கோட காட்டினவங்க. நானும் ஒரு காலத்துல நைட் டூட்டியில எத்தனை பேரை ஒத்தையா பாத்தேன்னு தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு அதோட பின்னாடி எழுதி வச்சேன். எட்டு மாசத் தாளை ரப்பர் பேண்ட் போட்டு பெரிய அதிகாரி மேசையில வச்சேன், அவர் ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்தாரு. ராத்திரிக்கு இன்னொரு ஆள் போட்டாங்க. வாயால கேட்டப்பல்லாம் "பாக்கலாம்மா"தான். நீயும் எழுது. பேஷண்ட் பேரு மட்டும் எழுதிடாத, ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரையும் தொடாத, தெருவுல வீடு வீடா கேட்டு எழுது.

புதுவயல்_பிரதர்:
அக்கா சொல்றது கரெக்ட். அரசியல் வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 2015-ல எம்ஆர்பி, அதாவது அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற தேர்வு வாரியம் மூலமா வேலைக்கு எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாசம் 7,700 ரூபாதான், ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொல்லி நடக்கல, 2017 நவம்பர்ல சென்னையில சுகாதாரத் துறை தலைமை ஆபீஸ் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்துல போய் போராட்டமா உக்காந்தாங்க, கைக்குழந்தையோட வந்தவங்களும் உண்டு. அப்புறம்தான் சம்பளத்தைப் பத்தி பேச்சே வந்துச்சு. கேரளாவுல தனியார் நர்ஸ்கள் சங்கமா நின்னாங்க, 2018-ல குறைஞ்சபட்ச சம்பளம் 20,000-ன்னு அரசே ஆணை போட்டுச்சு. பேசாம இருந்து யாருக்கும் எதுவும் கிடைச்சதா எனக்குத் தெரியல.

கானாடுகாத்தான்_செல்வி:
எல்லாம் சரி, வேலை போச்சுன்னா வீட்டு வாடகை யாரு கட்டுவா? பேச வேணாங்கல, தனியா நிக்காதீங்க. மகளிர் குழுவுல பத்துப் பேர் சேர்ந்து தீர்மானமா கொண்டு வாங்க, அந்தப் பொண்ணோட மாமியாரே எந்திரிச்சு கேக்கட்டும், நீங்க பக்கத்துல இருந்து கணக்கைச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி பேரை எங்கயும் எடுக்காதீங்க. தீர்மானத்தை நோட்டுல எழுதினாங்களான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து போடணும், எங்க ஊர்ல வெறும் நோட்டுல வாங்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அந்த நாலு ஊரு நர்ஸம்மாவைக் குறை சொல்ற மாதிரி ஆகிடக் கூடாது, அவங்களும் பாவம் வெயில்ல ஸ்கூட்டியில அலையுறவங்க. இன்னொரு ஆள் வேணும்னு கேளுங்க.

பள்ளத்தூர்_சிஸ்டர்:
செல்வி சொன்னதுதான் எனக்குத் தோணாம போச்சு, நர்ஸம்மாகிட்ட முதல்ல பேசிடணும். இன்னைக்கு சாயங்காலம் எங்க தெருவுல அஞ்சு வீடு போனேன், மூணு வீட்ல மாசமா இருக்காங்க, ரெண்டு பேருக்கு போன மாசம் பிபியே பாக்கல. எங்க அப்பத்தா நானும் கூட்டத்துக்கு வரேன்னு இப்பவே புடவை எடுத்து வச்சிருக்காக. அந்தப் பொண்ணோட மாமியார்கிட்ட நாளைக்குப் போய் கேக்கப் போறேன்.