வாடகை வீட்டு பாத்ரூமில் பூஞ்சை: செலவு யாருடையது?

மேடவாக்கம்_குடித்தனம்:
அடுக்குமாடியில் இரண்டாம் தளம். பாத்ரூமில் டைல்ஸுக்கு மேலே சுவரிலும், சீலிங்கின் ஒரு மூலையிலும் கறுப்பாகப் பூஞ்சை. "கதவைச் சாத்திக்கிட்டு வெந்நீரில் குளிக்கிறீங்க, அதனாலதான். பெயின்ட் செலவை அட்வான்ஸில் கழிச்சுக்குவேன்" என்கிறார் ஓனர். அவர் சொல்வது சரியா?

சைட்_இன்ஜினியர்:
ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு அடி சதுர பாலிதீன் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். ஷீட்டின் வெளிப்பக்கம் நனைந்தால் குளியல் நீராவி. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் உள்ளிருந்து வரும் ஓதம்.

சீலிங் மூலையில்தான் எனக்குச் சந்தேகம். பல அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாபைத் தாழ்த்திப் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மேல்வீட்டில் நானி டிராப் (தரையில் தண்ணீர் வெளியேறும் வடிகால்) ஜாயின்ட் விட்டுப்போனால் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் தேங்கி, அவர்கள் ஊருக்குப் போன பிறகும் பல நாள் கசியும். எனவே ஒரு நாள் குழாயை மூடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்: மூலையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் தண்ணீர் கான்கிரீட் வழியாக இறங்குகிறது. நீராவியால் அது வராது.

வாடகை_சட்டம்:
தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கீசர், வாஷ்பேசின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. சேதம் உங்களால் வந்தது என்றால்தான் ஓனர் உங்களிடம் கேட்க முடியும். அதனால் ஷீட் சோதனையைத் தேதியோடு போட்டோ எடுத்து, பழுதுபார்க்கச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது. ஓனர் மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

பிளம்பிங்_சுரேஷ்குமார்:
போட்டோ எடுக்கும் முன் சுத்தம் செய்துவிடாதீர்கள். பிறகு 4 லிட்டர் தண்ணீரில் 250 மில்லி திரவ ப்ளீச் கலந்து, பூஞ்சையை நனைத்து, 15 நிமிடம் விட்டுத் தேயுங்கள். உலர்ந்த நிலையில் பிரஷ் போட்டால் தூள் வீடு முழுக்கப் பரவும். மாஸ்க், கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட் பக்கத்திலேயே வரக் கூடாது. ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. பூச்சு உப்பி, தட்டினால் பொள்ளென்று ஒலித்தால் ப்ளீச் பயன்படாது. கசிவை அடைத்த பின் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் மறுபடி உரியும்.

நீராவிதான் காரணம் என்று தெரிந்தால் குளித்தபின் 20 நிமிடம் எக்ஸாஸ்ட் ஓடட்டும், அதுவரை கதவுக்கு அடியில் காற்று போக இடம் இருக்கட்டும்.

மேடவாக்கம்_குடித்தனம்:
சுண்ணாம்பு படிவு இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் உள்ளே விட மறுக்கிறார்.

வாடகை_சட்டம்:
அவரோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் ஒப்பந்தம் உங்கள் ஓனரோடுதான். படிவின் போட்டோவை ஓனருக்கு அனுப்பி, மேல்வீட்டு உரிமையாளரிடமும் சங்கத்திடமும் எழுத்தில் புகார் தரச் சொல்லுங்கள்.