சிடி-ஆர்டபிள்யூவை மட்டும் படிக்காத டிரைவ்: என் அனுபவம்

அக்காவின் திருமணப் படங்கள் எல்லாம் சிடி-ஆர்டபிள்யூவில், அதாவது அழித்து மீண்டும் எழுதக்கூடிய சிடியில், இருந்தன. அவற்றை எடுக்கப் போனால், மேசைக் கணினியின் டிரைவ் 'டிஸ்க்கைச் செருகவும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய பாட்டு சிடி ஓடியது, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் திறந்தது. ஆர்டபிள்யூ மட்டும் ஒன்றுகூட எடுபடவில்லை. பழுது பார்ப்பவர், "சிடி கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்து பாருங்கள்" என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது போய்விடும்.

முதலில் சிடியை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். நண்பரின் மடிக்கணினியில் எங்கள் சிடி உடனே திறந்தது. பழுது டிரைவில்தான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

காரணம் இதுதான். கடையில் விற்கும் சிடி, தன்மேல் விழும் லேசர் ஒளியில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூவில் இருப்பது வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த கலவை. அது திருப்புவது 15 முதல் 25 சதவீதம் வரைதான். 1997இல் இவ்வகை சிடி வந்தபோதே பழைய டிரைவ்கள் பலவற்றால் அதைப் படிக்க முடியவில்லை. லென்ஸில் தூசி படிந்தாலோ லேசர் தளர்ந்தாலோ முதலில் அடிபடுவதும் இதுதான்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸைத் துடைத்தேன். அது மெல்லிய கம்பிகளில் நிற்பதால் அழுத்தவே கூடாது. நன்றாகக் காய்ந்தபின் போட்டதும், வெகுநேரம் சுற்றிவிட்டுப் படங்களைக் காட்டியது. உடனே இரண்டு இடங்களில் நகலெடுத்தேன்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் நீக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். டிரைவே கணினியில் காணாமல் போனால் அது உதவும். மற்ற சிடிகள் ஓடும்போது அதில் கை வைக்க வேண்டியதில்லை.

டிவிடி ஓடி, எந்த சிடியும் ஓடாவிட்டால், சிடிக்கான 780 நானோமீட்டர் லேசர் போயிருக்கலாம். டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர் தனியாக இருக்கிறது. அப்போது துடைப்பதால் பயனில்லை, டிரைவை மாற்ற வேண்டியதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான யுடிஎஃப்பில் 2.01 பதிப்பு வரைதான் அது படிக்கும். அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் 2.50ஆக ஃபார்மட் செய்த டிஸ்க் எக்ஸ்பியில் திறக்காது. அதற்கு டிரைவைக் குறை சொல்லிப் பயனில்லை.