வாக்குரிமை வெள்ளைக்காரன் சும்மா தந்ததா?

உப்புவெளியாள்:
எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் பெண்களின் வாக்குரிமை பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொன்னால், "இலங்கையில் பெண்கள் எங்கே போராடினார்கள், 1931இல் வெள்ளைக்காரன் தட்டில் வைத்துத் தந்தான்" என்று சித்தப்பா சிரிக்கிறார். உண்மைதானா? அமெரிக்கா, இங்கிலாந்துக் கதைகள் கூகுளில் கொட்டிக் கிடக்கின்றன, எனக்கு நம்முடைய கதை வேணும்.

கடற்கரை வீதி:
சித்தப்பா சொல்வது பாதிக்குப் பாதி. சிறைக்குப் போய் உண்ணாவிரதம் இருந்த கதை இங்கே இல்லைதான். ஆனால் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கி, இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு எழுத வெள்ளைக்காரன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன்னால் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அக்னஸ் டி சில்வா, டொக்டர் மேரி ரட்ணம் எல்லாரும் அதில் இருந்தவர்கள். ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு 30 வயது என்றுதான் பரிந்துரைத்தது, கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 ஆனது. இங்கிலாந்துப் பெண்களுக்கே ஆண்களுக்குச் சமமாக 1928இல்தான் கிடைத்தது, பிரான்ஸில் 1944. சும்மா கிடைத்ததென்றால் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் ராமநாதன் ஏன் அவ்வளவு எதிர்த்தார்? மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய அதே மனிதர்தான், பெண்கள் வாக்குப் போடுவதென்றால் கூடாது என்றார். எனக்கு இன்றைக்கும் விளங்காத மனிதர்.

தம்பலகமத்தாள்:
தங்கச்சி, அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டில் பெயர் பார்த்துக் கீறுவதில்லை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பூட்டி, பூட்டன் சொல்லிவிட்ட நிறத்தை விட்டுவிட்டு வேறு பெட்டியில் போட்டாவாம். எந்த நிறம் என்று சாகும்வரை சொல்லவே இல்லை. இதைப் பேச்சில் சொல்லு, கிழவிகள் கைதட்டுவார்கள்.

மூதூரான்:
அதுசரி, 2024 தேர்தலுக்குப் பிறகும் நாடாளுமன்றத்தில் 225 பேரில் பத்திலொரு பங்குகூடப் பெண்கள் இல்லை. இதைக் கொண்டாடுவதா?

மஸ்கெலியா மகள்:
உப்புவெளி அக்கா, ஒரு விசயத்தை விட்டுவிடாதீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கும் வாக்கு வேணுமா என்று ஆணைக்குழுவில் கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேணும் என்று சொன்னவர் அக்னஸ் டி சில்வா. தோட்டத் தொழிலாளருக்காக உழைத்த மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினா, பத்திரிகையில் பெண்கள் வாக்குக்காக எழுதினா. ஆனாலும் இந்தியத் தமிழர் என்று சொல்லப்பட்ட எங்கள் ஆட்களுக்கென்று வதிவிட நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். பிறகு 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருசம் தேர்தல் சட்டத் திருத்தம், எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களின் பிரஜாவுரிமையும் வாக்கும் போயிற்று, அவ்வளவுதான். எங்கள் அம்மாயி 1947இல் வாக்குப் போட்டவ. 1952இல் வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை. மலையில் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளியவ, தேர்தல் நாளில் ரோட்டோரம் நின்று போகிறவர்களைப் பார்த்தாவாம். 77 கலவரத்தில் எல்லாத்தையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தோம். வந்த பிறகும் அம்மா பிரஜாவுரிமைக் கடுதாசிக்காக எத்தனை வருசம் அலைந்தா தெரியுமா. அவவின் முதல் வாக்கு, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான். தட்டில் வைத்துத் தந்ததைத் திருப்பிப் பிடுங்கலாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

கடற்கரை வீதி:
👆 இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேணும். நான் கொழும்பு அம்மாமார் கதையோடு நின்றுவிட்டேன்.

உப்புவெளியாள்:
எல்லாருக்கும் நன்றி. பேச்சை அம்மாயியில் தொடங்கப் போகிறேன், மஸ்கெலியா மகள், பேர் சொல்லாமல்தான், சம்மதமா? சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பூட்டி எந்தப் பெட்டியில போட்டிருப்பா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.