யூரோப்பியம் சல்பைடு – பிஸ்மத் செலினைடு அடுக்கு: ஹால் வளைவுக்குக் காரணம் காந்தமா?

காட்பாடி மாணவி:
வணக்கம். வேலூரில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். என் மாதிரியில் 8 நானோமீட்டர் பிஸ்மத் செலினைடு (பரப்பில் தனி மின்கடத்தும் நிலைகள் உள்ள பொருள்), அதன் மேல் 5 நானோமீட்டர் யூரோப்பியம் சல்பைடு (மின்கடத்தாத காந்தப் பொருள்). எங்களிடம் திரவ ஹீலியம் வசதி இல்லாததால் பெங்களூரில் நேரம் வாங்கி அளந்தோம். காந்தப்புலம் படலத்துக்குச் செங்குத்து, 9 டெஸ்லா வரை. ஹால் மின்தடையில் (மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலத்தால் எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது) நேர்கோட்டைக் கழித்தால் 'எஸ்' மாதிரி ஒரு வளைவு மிஞ்சுகிறது. இது காந்த அண்மை விளைவு (காந்தப் படலம் தன்னை ஒட்டிய பொருளையும் காந்தமாக்குவது) என்று எழுதிவிடலாம் என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஹிஸ்டெரிசிஸ் (புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வளைவு வேறுவேறாகப் பிரிவது) துளியும் இல்லை, 60 கெல்வினிலும் வளைவு போகவில்லை. எப்படிச் சோதிப்பது?

பாலாற்றங்கரை:
ஹிஸ்டெரிசிஸ் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதேம்மா. யூரோப்பியம் சல்பைடு மென்படலத்தில் காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே படுத்துக்கொள்ளும். செங்குத்துப் புலம் அதை மெல்ல நிமிர்த்துவதால் ஹிஸ்டெரிசிஸ் வளையம் திறக்காமல் போவது இயல்பு. சுமார் 1.5 டெஸ்லாவில் முழுசாக நிமிர்ந்துவிடும். உன் வளைவு எந்தப் புலத்தில் திரும்புகிறது?

60 கெல்வின்தான் முக்கியமான தடயம். யூரோப்பியம் சல்பைடின் கியூரி வெப்பநிலை (இதற்கு மேல் அது தானாகக் காந்தமாக இருக்காது) 16.5 கெல்வின் அளவுதான். 60-இல் அது வெறும் பாராகாந்தம் (புலம் இருக்கும்வரைதான் காந்தம்), 9 டெஸ்லா வரை காந்தமாக்கம் ஏறக்குறைய நேர்கோடாகவே ஏறும். அங்கேயும் 'எஸ்' வருகிறது என்றால் இரண்டு வகை மின்னூட்டிகள் (மின்னோட்டத்தைச் சுமப்பவை) மேல்தான் என் சந்தேகம். செலினியம் வெற்றிடங்களால் (அணு விடுபட்ட இடங்களால்) உள்பகுதியில் எலக்ட்ரான்கள் நிறைய இருக்கும், பரப்பு நிலைகள் தனி. நகர்வுத்திறன் (மின்புலத்தில் அவை எவ்வளவு எளிதாக நகரும் என்பது) வேறுவேறானால் கோடு வளையும்.

காட்பாடி மாணவி:
நன்றி அண்ணா. பெரிய வளைவு 5 டெஸ்லாவுக்கு மேல்தான். ஆனால் 5 கெல்வினில் 1.5 டெஸ்லா பக்கம் சின்னதாக ஒரு மடிப்பு இருக்கிறது, 30 கெல்வினில் அது இல்லை.

சத்துவாச்சாரி:
அந்தச் சின்ன மடிப்பை விடாதீங்க, கதை அங்கேதான் இருக்கும். முதலில் தரவை எதிர்ச்சமச்சீர் ஆக்குங்க: ஏறும் சுற்றின் நேர்ப்புலப் புள்ளியோடு இறங்கும் சுற்றின் எதிர்ப்புலப் புள்ளியை ஜோடி சேர்த்து, வித்தியாசத்தில் பாதியை எடுக்கணும். தொடுமுனைகள் கொஞ்சம் விலகியிருந்தாலே நீள்திசை மின்தடை (மின்னோட்டத்தின் திசையிலேயே அளப்பது) உள்ளே கலந்துவிடும். அப்புறம் இருவகை மின்னூட்டி மாதிரியை ஹால், நீள்திசை இரண்டுக்கும் ஒன்றாகப் பொருத்துங்க. ஹாலுக்கு மட்டும் பொருத்தினால் எதுவும் பொருந்தும்.

30 கெல்வினுக்குக் கீழே பிஸ்மத் செலினைடின் நகர்வுத்திறன் பெரிதாக மாறாது. அதனால் 5 கெல்வின் தரவிலிருந்து 30 கெல்வின் தரவைக் கழித்துப் பார்க்கலாம், மின்னூட்டிகளின் பங்கு பெரும்பாலும் நீங்கிவிடும்.

பாலாற்றங்கரை:
அதோடு, அதே தொகுப்பில் இன்னும் இரண்டு மாதிரி கேள். ஒன்றில் யூரோப்பியம் சல்பைடுக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடு. இன்னொன்றில் இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு. பரிமாற்ற இடைவினை (அண்டை அணுக்களின் காந்தத்தன்மையை இணைப்பது) இடைமுகத்தை ஒட்டித்தான் வேலை செய்யும், தடுப்பு வைத்தால் மடிப்பு மறைய வேண்டும். இந்த ஜோடியில் 2016-இல் அறை வெப்பநிலை வரை காந்தம் என்று 'நேச்சர்' இதழில் வந்தது. 2020-இல் அண்மை விளைவே தென்படவில்லை என்று இன்னொரு குழு எழுதியது. இரண்டையும் கைடிடம் காட்டிவிட்டுப் பேசு.

காட்பாடி மாணவி:
சரி அண்ணா. தடுப்பு வைத்த மாதிரிக்கு இன்றே கேட்டு எழுதுகிறேன். கழித்துப் பார்த்த வரைபடத்தை இதே இழையில் போடுகிறேன்.