‘அசைன் மேக்ரோ’வுக்கு ‘ஒதுக்கு’ வேண்டாம், ‘பொருத்து’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விரிதாளில் ஒரு பொத்தானையோ வடிவத்தையோ சொடுக்கினால் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓட வேண்டும். அதை ஏற்பாடு செய்யும் ‘அசைன் மேக்ரோ’ கட்டளைக்கு ‘மேக்ரோவை ஒதுக்கு’ என்ற தமிழாக்கத்தை இங்கே முன்மொழிந்திருந்தீர்கள். அகராதிப்படி சரிதான். போன மாதம் அலுவலகப் பணியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “எதை சார் ஒதுக்கணும், வேண்டாத மேக்ரோவையா?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நிதி ஒதுக்குவோம், நேரம் ஒதுக்குவோம், சாப்பிடும்போது கறிவேப்பிலையை ஒதுக்குவோம். பொத்தானுக்கு ஒதுக்குவது யாருக்கும் புரியவில்லை.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எக்செலில் ஒரு செவ்வகம் வரைந்து, வலச்சொடுக்கு மெனுவில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் மேக்ரோ செவ்வகத்துக்குள் போய்விடுவதில்லை. நிரல் தன் இடத்திலேயே இருக்கிறது. வடிவத்தின் ‘ஆன்ஆக்‌ஷன்’ பண்பில், அதாவது சொடுக்கினால் எது ஓட வேண்டும் என்று குறிக்கும் இடத்தில், மேக்ரோவின் பெயர் மட்டும் பதிகிறது. வடிவத்தை அழித்தாலும் மேக்ரோ அழியாது. கூகுள் ஷீட்ஸில் இது இன்னும் வெளிப்படை, அங்கே பெயரை நாமே தட்டச்சு செய்கிறோம். அதனால் ‘உட்பொதி’, ‘ஏற்று’ என்ற மாற்றுச் சொற்கள் இரண்டும் தவறான படத்தைத் தந்துவிடும்.

‘இணை’ எளிய சொல். ஆனால் அதே வலச்சொடுக்கு மெனுவில் வடிவத்துக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் கட்டளையும் இருக்கிறது. ‘பூட்டு’ எனக்கு மிகவும் பிடித்தது, ஏரில் மாட்டைப் பூட்டுவது போல. என்ன செய்வது, தாளைப் பாதுகாக்கும்போது கலங்களையும் வடிவங்களையும் பூட்டி வைக்கும் வசதி அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

நான் சொல்வது ‘பொருத்து’. சுவரில் சுவிட்ச் பொருத்துகிறோம். சுவிட்சைக் கழற்றினாலும் விளக்கு அங்கேயே இருக்கிறது. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: மேக்ரோவைப் பொருத்து, மேக்ரோவைக் கழற்று. ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அச்சிடும்போது வருமே என்பீர்கள். வரும்தான், ஆனால் அங்கே ‘பக்கத்துக்கு’ என்ற சொல் கூடவே நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

உதவிப் பக்கத்துக்கான ஒரு வரியில் வைத்துப் பார்த்தேன்: “மேக்ரோ பொருத்திய வடிவத்தைச் சொடுக்கினால் மேக்ரோ ஓடும். வடிவத்தை மட்டும் தேர்ந்தெடுக்க, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கவும்.” தடங்கல் இல்லாமல் வாசிக்க முடிகிறது.

எக்செலில் உள்ள இன்னொரு வகையான ஆக்டிவ்எக்ஸ் பொத்தானுக்கு மட்டும் இந்தச் சொல் வேண்டாம். அதற்கு அசைன் மேக்ரோ கிடையாது. அதன் சொடுக்கு நிகழ்வுக்குள்ளேயே நிரலை எழுதுகிறோம். லிப்ரெஓபிஸின் விரிதாள் மென்பொருளான கால்க்கில் பொத்தானின் பண்புகளைத் திறந்து, நிகழ்வுகள் பகுதியில் மேக்ரோவைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே ‘நிகழ்வுக்கு மேக்ரோ பொருத்து’ என்று எழுதலாமா? கால்க்கில் தினமும் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.